சீர் என்று சொல்லிக் கூட்டிப்போனாள்

ஊருக்குப் போனால் இன்றைக்கும் சொல்கிறார்கள், "உங்கக்காதான் உனக்கு இன்னொரு அம்மா" என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அது எதையும் ஒளிக்கவில்லை. "நீ மாமன் ஊட்டுக்குத்தான் போகணும், அது அவிங்க உரிமை" என்று நான் எட்டாவது படிக்கும்போதே சொல்லிவிட்டது. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அக்கா மேல்தான்.

அக்காவைப் பதினைந்து வயதில் மாமனின் மூத்த மகனுக்குக் கட்டிவைத்தார்கள். இளையவனுக்கு நான் என்பது அன்றைக்கே பேசி முடித்தது. மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். "என் பொழப்புதான் இப்படி ஆச்சு. உன்னை விடமாட்டேன் கண்ணு, நீ படி." நம்பினேன். நம்பித்தான் அவளிடம் மட்டும் சொன்னேன். கல்யாணப் பேச்சு எடுத்தால் மலையேறி ஊருக்கு வரவே மாட்டேன், கீழே ஸ்கூல் ஆஸ்டலிலேயே இருந்துகொண்டு டீச்சரிடம் சொல்லிவிடுவேன், அவங்க ஆபீசர்களைக் கூட்டி வருவாங்க என்று. "கெட்டிக்காரிடி நீ" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

பத்தாவது பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது காளப்பநாயக்கன்பட்டி ஆஸ்டலுக்கு அக்காவே வந்தாள். நான் வயசுக்கு வந்தபோது தாத்தா செத்துப்போனதால் சீர் நின்றுபோயிருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமை வைக்கிறார்களாம், மாமன் சேலையும் எடுத்தாயிற்றாம்.

"சீருக்குத்தானே அக்கா?"

"சீருக்குத்தான் சாமி. திங்கக்கிழமை நானே கொண்டாந்து விடறேன்."

காரவள்ளி தாண்டி பஸ் வளைவுகளில் ஏறும்போது எனக்குக் குமட்டும் என்று புளிப்பு மிட்டாய்கூட வாங்கி வைத்திருந்தாள், பாதகத்தி.

சீருக்கும் மாமன் சேலை உண்டு, மாலை உண்டு, மணையில் உட்காருவது உண்டு. கல்யாணத்துக்கும் அதேதான். அதனால் சேலை கட்டிவிட்டபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை. மாலை போட்டபோதும் வரவில்லை. போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், மானங்கெட்ட நான். மாமனின் இளைய மகன் பட்டு வேட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் துள்ளி எழுந்தேன். தோளை அழுத்தி உட்கார வைத்த கை அக்காவுடையது. தாலி கட்டத் தோதாக என் சடையைத் தூக்கிப் பிடித்ததும் அவள்தான். மேளச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

"கல்யாணம்னா வரமாட்டா, சீருன்னு சொல்லுங்கன்னு உங்கக்காதான் யோசனை சொன்னா" என்று அம்மா பிறகு சொன்னது.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன். "ஏனக்கா?"

சாம்பல் கையோடு உட்கார்ந்திருந்தாள். "நீ வரலைன்னா என்னையும் புள்ளைங்களையும் திருப்பி அனுப்பிருவோம்னாங்க." அப்புறம் நிமிர்ந்து முறைத்தாள். "எனக்கு மட்டும் யாருடி வந்தா?"

நியாயமான கேள்விதான். அவளுக்கு யாரும் வரவில்லை. அதற்கு என்னையா பிடித்துக் கொடுப்பது?

செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்னை அம்மா வீட்டில்தான் வைத்திருந்தார்கள். அன்று டீச்சர் போன் பண்ணினார். எனக்கு உயிர் வந்தது. போனை எடுத்தது அக்கா.

"புள்ளைக்கு அம்மை போட்டிருக்குங்க டீச்சர்" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அம்மை போட்ட வீட்டுக்கு எங்கள் பக்கம் ஒரு ஈ காக்கா வராது, அது அவளுக்குத் தெரியும். போனைப் பிடுங்கப் பாய்ந்தேன். அம்மா என்னை இறுக்கிக் கட்டிப் பிடித்து வாயைப் பொத்தியது. அந்தப் பக்கம் டீச்சர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஐயோ பாவமே. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் அனுப்ப வேண்டாம்மா. அவளைப் பத்திரமாப் பார்த்துக்கங்க."

"பார்த்துக்கறேங்க டீச்சர்" என்றாள் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே. "என் தங்கச்சியாச்சே."