தயாளன் வைத்த முதல் அட்டை

தயாளன் காலையில் போய்விட்டான் என்று அவன் மனைவி சுகுணா போனில் சொன்னபோது நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளரை எங்கே வைத்தேன் என்று இப்போதும் நினைவில்லை. எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையின் டிசைன் பிரிவில் இருந்த நம்மில் யாரும் அவனை மறந்திருக்க மாட்டோம். சந்தேகப் பிராணி என்று அவனுக்குப் பெயர் வைத்ததே நாம்தானே.

தொழிற்சாலையில் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. கணக்கின் எண்களைத் துளைகளாக அட்டைகளில் அடித்து, ரயிலேறிச் சென்னைக்குக் கொண்டுபோய், அங்கே வாடகைக் கம்ப்யூட்டரில் ஓட்டி வருவோம். நமக்கு ஒரு சோம்பேறிப் பழக்கம் இருந்தது. எண்ணின் கடைசிச் சுழியத்தை அடிக்காமல் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவோம். இயந்திரம் அதைச் சுழியமாகவே எடுத்துக்கொள்ளும்.

தயாளன் மட்டும் ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் ஒரு சோதனை வைப்பான். ஒன்று என்று அடித்து, பக்கத்து இடத்தைக் காலியாக விட்ட அட்டை. இயந்திரம் பத்து என்று படித்தால் உள்ளே அதை இயக்குவது நமக்குப் பழகிய பழைய சிஸ்டம், மேலே போகலாம். ஒன்று என்று படித்தால் வேறு சிஸ்டம், புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். பெண் பார்க்கப் போன மாதிரி குலம் கோத்திரம் விசாரிக்கிறானே என்று நான் கேலி செய்வேன். "அது தானா சொல்லாதுபா. நாமதான் கேட்டுக்கினு உள்ள போவணும்" என்பான்.

ஒரு நாள் புது ஷெட்டுக்கு, நாற்பது டன் தூக்கும் கிரேனின் உத்தரக் கணக்கை எடுத்துப் போனோம். மறுநாள் காலை வரைபடம் பட்டறைக்குப் போயாக வேண்டும். புரோகிராமோ முதல் அட்டையிலேயே நின்றுவிட்டது. அந்த ஒரு அட்டையை உருவிப் போட்டுவிட்டு ஓட்டச் சொல்லிக் கத்தினேன். அவன் அட்டைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, "கீய நிக்கப்போறது நம்ம ஆளுங்கபா" என்றான். விசாரித்தால், முந்தைய ஞாயிறு அங்கே சிஸ்டத்தின் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தார்கள். அது காலி இடத்தைக் கண்டுகொள்ளாது. ஓட்டியிருந்தால் நாற்பது டன்னை நான்கு என்று எடுத்துக்கொண்டு, ஒல்லியான உத்தரம் ஒன்றைச் சத்தமில்லாமல் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கும். திரும்பும் ரயிலில் மீஞ்சூர் தாண்டும்வரை அட்டைக்கட்டை நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

கடைசிக் காலத்தில் அவனுக்கு ஞாபகம் கலைந்துபோனது. காலையில் எழுப்பியதும் சுகுணா அவனிடம், "மீஞ்சூர் வந்துச்சா?" என்று கேட்பாள். தாண்டியாச்சு என்றால் அவன் தொழிற்சாலை நாட்களில் இருக்கிறான். சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைப்பாள். "இன்னா ஒளர்ற, ஊட்லதான கீறோம்" என்றால் அன்றைக்கு நம்மோடு இருக்கிறான். "இவரு சொல்லிக்கினு இருந்ததுதாண்ணா. மொதல்ல கேட்டுக்கினா, அப்பால எனக்குக் கோவம் வராது" என்றாள்.

போன வாரம் அவனைப் பார்க்கப் போனபோது நானும் மீஞ்சூர் வந்ததா என்று கேட்டுப் பார்த்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான். நான் யாரென்று தெரியாமலே போய்விடுவானோ என்று பயந்துபோனேன். பிறகு மெதுவாக, "ஒண்ணு போட்டு, பக்கத்துல காலியா வுட்டா, இன்னான்னு படிப்ப?" என்றான்.

பத்து என்றேன்.

"நம்ம ஆளுதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். இனி நம் ஆட்களைத் தவிர நான் அதை யாரிடம் கேட்டாலும் ஒன்று என்றுதான் சொல்வார்கள்.