இனி எல்லாம் தானாகப் போகும்

பாப்பாரப்பட்டியில் என் மாட்டுத் தீவனக் கடைக்கு பில் போடும் சாஃப்ட்வேரை எழுதித் தந்தவர் ஒருவர் இருக்கிறார். அதியமான்கோட்டையில் பஞ்சர் கடைக்கு மேலே மாடியில் அவர் ஆபீஸ். தனி ஆள்தான், ஆனாலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்.

பில்லில் ஒரு தப்பு. இரண்டு மூட்டை தவிடு வாங்கினால் ‘2 கிலோ’ என்று அச்சாகும். “ரெண்டு கிலோ தவுட்டுக்கு இந்த வெலையா?” என்று வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நேரில் போய்ச் சொன்னேன்.

“மாத்தறது ஒரு நிமிஷ வேலைங்க. ஆனா மாத்துனத முன்ன மாதிரி நான் கையால அனுப்பறதில்லைங்க. மாசக்கணக்கா உக்காந்து ஏற்பாடு பண்ணியிருக்கேன். இனி கம்ப்யூட்டரே சோதிச்சு, சரியா இருந்தா உங்க கடைக்குத் தானா அனுப்பிடும்” என்றார்.

‘கிலோ’வை ‘மூட்டை’ ஆக்கினார். பொத்தானை அழுத்திவிட்டு, எழுந்து, சாமி முன்னால் நிற்பதுபோல் கைகட்டி நின்றார். திரை சிவந்தது.

“என்னங்க ஆச்சு?”

“அனுப்ப மாட்டேங்குதுங்க. பழைய பில்லத்தான் சரின்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். புது பில்லு அதுமாதிரி இல்லைன்னு நிறுத்திடுச்சு.”

“அப்ப பழைய தப்பே நிக்குதுங்களா?”

“புதுசா சொல்லிக் குடுக்க நாளாவுங்க. அத வுடுங்க, நான் மாத்துனத எப்படிப் புடிச்சிடுச்சு பாத்தீங்களா!” முகமெல்லாம் பூரிப்பு.

கடைக்குத் திரும்பினால், பில்லோடு ஒருவர் காத்திருந்தார். பேனாவால் ‘கிலோ’வை அடித்து ‘மூட்டை’ என்று எழுதிக் கொடுத்தேன். இன்றும் அப்படித்தான் கொடுக்கிறேன். தான் செய்த ஒரே உருப்படியான வேலையைத் தன் கம்ப்யூட்டரே திருப்பியடித்ததற்கு ஒரு மனிதர் ஏன் அவ்வளவு பூரித்தார் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.