பேர் இல்லாத பக்கம்

அந்தக் கத்திரிக்கோலு இன்னும் என் கண்ணுலயே நிக்கிது. டைலருங்க வெச்சிருக்கற மாதிரி பெருசு இல்ல. காதுகிட்ட முடி வெட்டற தினுசு, சின்னது. கைப்பிடியில செவப்பு நூலு சுத்தியிருக்கும். சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கட வெச்சிருந்த கம்பவுண்டரு, மத்தவங்க பேனா குத்தற சட்டப் பாக்கெட்டுல அதக் குத்தி வெச்சிருப்பாரு. பேனாவுக்கு அவருகிட்ட வேல இல்ல. யாரு போயி நின்னாலும் அட்டைய எடுப்பாரு, கத்திரிய எடுப்பாரு, கிரிச்சுனு ஒரு வெட்டு. அதுலயும் ஒரு சூட்சுமம் வெச்சிருந்தாரு. மாத்தர அட்டையில ஒரு ஓரத்துலதான பேரும் தேதியும் போட்டிருக்கும்? அந்த ஓரம் ஒரு நாளும் நம்ம கைக்கு வராது. பேரு இல்லாத பக்கம் நமக்கு. பேரு இருக்கற பக்கம் பின்னால இருக்கற பிஸ்கோத்து டப்பாவுக்கு. கடைசியில அந்தத் துண்டயும் விக்கணும்னா, மாத்தரைய மட்டும் பிதுக்கி பேப்பருல மடிச்சிக் குடுப்பாரு.

கம்பவுண்டருன்னு சொல்றேனே, அதுவும் பெரிய பேச்சுதான். ஒரு டாக்டரு வூட்டுல ஊசி வேகவெச்சிக்கினு இருந்த ஆளு. டாக்டரு செத்துப்போனதும் இவரு கடைய தொறந்துட்டாரு, சனங்க இவரயே டாக்டருன்னு கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. கடச் செவுத்துல கண்ணாடி போட்டு ஒரு சட்டிபிகட்டு மாட்டியிருக்கும். மருந்துக்குப் படிச்சவங்க கடையில இருக்கணும், அதுதான் சட்டம்னு சொல்லுவாங்க. படிச்சவரு இருந்தாரு, இல்லேன்னு சொல்ல முடியாது. கண்ணாடிக்குள்ள இருந்தாரு. அந்த போட்டோவுல இருக்கறவருக்கு மீச இருக்கும், இம்மாம் பெருசு. நம்ம கம்பவுண்டருக்கு மீசயே கெடயாது. எனக்குப் படிக்கத் தெரியாது, பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கனவன் இல்ல. ஆனா மீசைக்கும் மழுங்க செரச்ச மூஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாதா? அந்த மீசைக்காரர ஊருல ஒருத்தரும் கண்டதில்ல. ஆயுதபூசைக்கு அவருக்கும் சேத்துதான் பொட்டு வெப்பாங்க.

ஆனா கடையில கூட்டத்துக்குக் கொறச்சலே இல்ல. கல்வராயன் மலையில இருந்து இறங்கி வர்ற சனங்க, புளி, கடுக்கா எல்லாம் வித்துட்டு நேரா அங்கதான் போவாங்க. கேட்டா, "அவருக்கு கைராசி"ம்பாங்க. இந்த கைராசிங்கற வார்த்த இருக்குதே, அதப் போல ஒரு தொல்ல புடிச்ச வார்த்த நான் பாத்ததில்ல. ஒரு ஆளுக்கு படிப்பு இருக்குதா, வேல தெரியுமான்னு எவனும் கேக்கமாட்டான். கைராசின்னு ஒருத்தன் சொல்லிட்டாப் போதும், அதோட விசாரண முடிஞ்சிது. விஷத்த குடுத்தாக்கூட கை நீட்டி வாங்கிக்குவாங்க.

எங்க வூட்டுக்காரிக்கு முட்டிவலி. மரவள்ளிக் காட்டுல கெழங்கு புடுங்கிப் புடுங்கி வந்த வலி. மரவள்ளி புடுங்கறது லேசுன்னு நெனைக்கறாங்க, அது மண்ணோட மல்லுக்கட்டற வேல, இடுப்பும் முட்டியும் போயிரும். அது கெடக்கட்டும். பெரியாஸ்பத்திரியில அவளுக்கு ரத்தக்கொதிப்புக்கு மாத்தர குடுத்துக்கினு இருந்தாங்க. முட்டிக்கு கம்பவுண்டருகிட்ட வாங்கனா. வெள்ளையில ஒண்ணு, ரோசுல ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு, அப்புறம் பொடி சைசுல இன்னொண்ணு. சாப்ட்ட ரெண்டாம் நாளே எழுந்து தண்ணிக்குடத்த தூக்கனா. வாரம் திரும்பறதுக்குள்ள கழனிக்குப் போனா. பசி எடுத்துச்சி, சோறு எறங்கிச்சி. வருசம் போவப் போவ மூஞ்சி உருண்டு திரண்டு நெலா மாதிரி ஆயிடுச்சி.

தெருவுல பொம்பளைங்க வாயப் பொளந்தாங்க. "இன்னாடி, புது மாப்ள கட்டிக்கின மாதிரி கன்னம் வெச்சிருக்குது?" "எல்லாம் சங்கராபுரத்து டாக்டரு கைராசிடி." அவளும் வெக்கப்பட்டு சிரிப்பா. கன்னம் மட்டும் ஏன் ஊதுது, கையும் காலும் ஏன் குச்சியா இருக்குதுன்னு யாருக்கும் தோணல. எங்க பக்கத்துல சத ஏறனா சொகம், எளச்சா நோவு. அவ்ளோதான் கணக்கு.

ஒருக்கா நான் கேட்டேன், "இந்தப் பொடி மாத்தர இன்னாதுங்க டாக்டரே?"ன்னு. கத்திரிய நிறுத்தாம சொன்னாரு, "சத்து மாத்தரதான்யா. பேரு தெரிஞ்சி இன்னா பண்ணப்போற? வான்னு கூப்புடப்போறியா?" கடையில நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. கைராசி இருந்தா நக்கலும் தானா வந்துரும் போல இருக்குது.

அப்புறம் அவரு பொண்ணு கல்யாணம் வந்துது. கட ஷட்டர இறக்கிட்டு வெளியூரு போயிட்டாரு. மாத்தர தீந்துபோனவங்க இன்னா பண்ணுவாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவல. எங்க வூட்டுக்காரி சுருக்குப் பையில ஒண்ணு ரெண்டுதான் மிச்சம். கம்பவுண்டரு திரும்பி வர்ற வரைக்கும் வேணும்னு அதயும் திங்காம பதுக்கி வெச்சிக்கினா. மொதல்ல வாந்தி எடுத்தா. அப்புறம் எழுந்து நிக்க முடியல. ஒருநாள் காலையில வாசல் தெளிக்கப் போனவ வாளியோட சாஞ்சிட்டா. கூப்ட்டா கண்ண தொறக்கறா, பேச்சு வரல. ஆட்டோ வெச்சி கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடனோம்.

பிரஷரு தரைக்கு இறங்கிடுச்சின்னு பாட்டில் ஏத்தனாங்க. ஏத்தியும் பிரஷரு ஏறல. "இன்னா மாத்தர சாப்புடறாங்க?"ன்னு டாக்டரு கேட்டாரு. சுருக்குப் பைய அவுத்துக் கொட்டனேன். வெட்டன துண்டுங்க. திருப்பிப் பாத்தாரு, ஒண்ணுலயும் ஒரு எழுத்து இல்ல. "மருந்து குடுக்கற எடத்துல அந்தம்மாகிட்ட காட்டி, இன்னான்னு கேட்டுக்கினு ஓடியா"ன்னு தொரத்தனாரு.

ஜன்னலுக்குப் பின்னால ஒரு அம்மா. சிடுமூஞ்சி. இந்த மாதிரி எடத்துல இருக்கறவங்களுக்கு கெழவன்னா மாட்ட விடக் கேவலம், அதயும் சொல்லிடணும். ஆனா துண்டுங்கள வாங்கி வெளிச்சத்துல ஒண்ணொண்ணா அடுக்கிப் பாத்துது.

"இது இன்னாய்யா, எல்லாம் மொட்டையா இருக்குது? எந்தக் கட?"

"சங்கராபுரம்மா."

"அவங்க மூஞ்சி வீங்கியிருக்குதா?"

"வீக்கம் இல்லம்மா. சத போட்டிருக்குது. நல்லா இருக்கறா."

அந்தம்மா என்ன ஒரு பார்வ பாத்துது. "நல்லா இருக்கறவங்கதான் பெட்டுல கெடக்கறாங்களா? சந்தேகம் ஒண்ணு இருக்குது. டாக்டருகிட்ட நான் பேசறேன், மொதல் ஊசி போட்ருவாங்க. ஆனா இது எந்த மாத்தர, எவ்ளோ பவருன்னு தெரியணும். எவ்ளோ நாளா இன்னா தின்னாங்கன்னு தெரியாம மேல கை வெக்க முடியாது. போ, பேரு இல்லாம வராத."

சங்கராபுரத்துக்கு ஓடனேன், கம்பவுண்டரு அன்னிக்கிதான் கடைய தொறந்திருந்தாரு. கூட்டம் நெரியுது. கல்யாண சந்தனம் கூட கையில காயல. நான் கும்புட்டுக் கேட்டேன். "டாக்டரே, அவ உசுருக்கு மல்லாடிக்கினு இருக்கறா. அந்தப் பொடி மாத்தர பேர மட்டும் சொல்லுங்க."

"சத்து மாத்தரன்னு சொல்லு."

"அவங்க பேரு கேக்கறாங்க."

என்ன ஓரமா இழுத்துக்கினு போயி, காதுல சொன்னாரு. அந்த வார்த்தைய நான் சுடுகாடு போற வரைக்கும் மறக்கமாட்டேன். "பேர சொன்னா என் கடைய மூடிருவாங்கய்யா. உம் பொண்டாட்டிய நாலு நாளுல அவங்களே பாத்து தேத்திருவாங்க. நீ போ."

எம் பொஞ்சாதி ஒரு தட்டுல, அவரு ஷட்டரு ஒரு தட்டுல. நிறுத்துப் பாத்துட்டாரு. போயி கல்லாவுல நின்னு, அடுத்த ஆளுக்கு கத்திரிய எடுத்தாரு.

எனக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா ஒரே ஒரு துண்ட தேடி எடுத்திருப்பேன். தெரியாத கொறைக்கு, எட்டி பின்னால இருந்த பிஸ்கோத்து டப்பாவயே தூக்கி கக்கத்துல இடுக்கிக்கினேன். "டேய், திருடன் திருடன்"னு கத்தனாரு. மலையில இருந்து வந்த ஒருத்தன் கேட்டான், "இன்னா பெரியவரே, பிஸ்கோத்துக்கா இந்த ஓட்டம்?" நான் நிக்கல. கம்பவுண்டரு பின்னால ஓடிவரவும் இல்ல. புடிச்சி நிறுத்தனா நடுரோட்டுல டப்பா தொறக்குமே! கள்ளக்குறிச்சி பஸ்ஸுல மடியில வெச்சிக்கினு உக்காந்தேன். பஸ்ஸு குலுங்கறப்ப எல்லாம் உள்ள சலசலன்னு சத்தம். ஊரு சனத்தோட நோவு பூரா அந்த டப்பாவுல பேரோட இருந்துது.

ஜன்னல் அம்மா டப்பாவ மேசையில கவுத்துது. எங்க துண்டோட வெட்டு வாய வெச்சி, கெடந்த துண்டுங்கள ஒண்ணொண்ணா பொருத்திப் பாத்துது. அந்த ஆளு கோணலாத்தான் வெட்டுவாரு. ஒடஞ்ச வளையல ஒட்ட வெக்கிற மாதிரி, ஒண்ணு கச்சிதமா போயி ஒக்காந்துச்சி. "நெனச்சேன்"னு சொல்லிக்கினே மத்ததயும் பொருத்துச்சி. அப்புறம் என்ன புடிச்சி ஏறுனது இருக்குதே! "வெள்ள, ரோசு, மஞ்சள், மூணும் ஒரே வலி மாத்தரய்யா! கம்பெனிதான் வேற. மூணு பங்கா தின்னுருக்காங்க, கிட்னி இருக்குதோ இல்லியோ. இந்தப் பொடி மாத்தர ஸ்டீராய்டு. இதுதான் மூஞ்சிய ஊத வெச்சிது. வருசக்கணக்கா தின்னா ஒடம்பு தன் வேலைய மறந்துரும், திடுதிப்புனு நிறுத்தனா ஆளு விழுந்துரும். இத சத்து மாத்தரன்னு குடுத்தவன் மனுசனா?" திட்டிக்கினே போன எடுத்து டாக்டருக்கு அளவ சொல்லிச்சி. சாயங்காலம் எங்க வூட்டுக்காரி கண்ண தொறந்து கேட்டா, "வாளி எங்க?"

அப்புறம் மாசக்கணக்கா அந்தப் பொடி மாத்தரைய பாதியா, காலா, ஒருநாள் வுட்டு ஒருநாள்னு அந்தம்மாவும் டாக்டரும் கம்மி பண்ணிக்கினே வந்தாங்க. வலி மாத்தரைங்கள ஒரேடியா நிறுத்திட்டாங்க. போறப்ப எல்லாம் அட்டைய முழுசா காட்டணும், இல்லேன்னா திட்டு. கன்னம் வத்துச்சி. பழைய சின்ன மூஞ்சி திரும்ப வந்துது. தெருவுல இன்னா பேசனாங்கன்னு நெனைக்கறீங்க? "அந்த கைராசிக்காரருகிட்ட இருந்த வரைக்கும் எப்பிடி இருந்தா, பெரியாஸ்பத்திரிக்குப் போயி எளச்சிட்டா பாவம்"னு பேசனாங்க. அதயாவது பொறுத்துக்கலாம். இவளே ஒருநாள் முட்டிய புடிச்சிக்கினு சொல்றா, "அவரு மாத்தரையில நான் மலைக்கே ஏறிப் போனன்யா." உண்மதான், போனா.

ரெண்டு வருசம் முன்ன அந்த ஆளு செத்துப்போனாரு. பேனர்ல போட்டோவுக்கு மேல பெருசா எழுதி வெச்சிருந்தாங்க, பஸ்ஸுல ஒருத்தரு படிச்சி சொன்னாரு, கைராசி டாக்டருன்னு. மலையில இருந்து டெம்போ வெச்சி வந்து அழுதுட்டுப் போனாங்க. கடைய யாரும் மூடல. மூடுவாங்கன்னுதான அன்னிக்கி எம் பொஞ்சாதிய பணயம் வெச்சாரு? பயந்தது கூட வீண் பயம்.

இப்ப மகன் உக்காந்திருக்கறான். கம்ப்யூட்டரு இருக்குது, குளுகுளு மிஷினு இருக்குது. மீசைக்காரரும் அதே கண்ணாடிக்குள்ள அப்பிடியே இருக்கறாரு, வயசே ஆவல. போன வாரம் இவளுக்கு ரத்தக்கொதிப்பு மாத்தர தீந்துபோச்சி, அன்னிக்கி ஆஸ்பத்திரி லீவு, வேற கடயும் தொறக்கல. போனேன். அட்டைய எடுத்தான். செவப்பு நூலு சுத்தன அதே கத்திரி. கிரிச்சு. மொட்டத் துண்ட என் பக்கம் தள்ளனான்.

"அந்தப் பக்கம் குடுப்பா."

"எல்லாம் ஒரே மாத்தரதான் பெரியவரே."

"தெரியும். பேரு இருக்கற பக்கம் குடு."

சிரிச்சான். அப்பன் சிரிப்பு. "பேர வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க? படிக்கவா தெரியும்?"

நான் கைய நீட்டிக்கினே நின்னேன். பின்னால கூட்டம் சேந்துது. மொனவிக்கினே அந்தத் துண்ட தூக்கிப் போட்டான். வூட்டுக்கு வந்து இவ சுருக்குப் பையில போட்டு முடிஞ்சி வெச்சேன். அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் எழுதியிருக்குதுன்னு தெரியும்.