மூன்று நாள் பின்னால் நின்ற கப்பல்

கிழக்கே போகும் கப்பலில் அவ்வப்போது ஒரு மணி நேரம் காணாமல் போகும். யாரும் திருடுவதில்லை. சூரியன் முந்தி உதிக்கும் கரைகளை நோக்கிப் போவதால் கடிகாரத்தை முன்னே தள்ளியாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் போகிற அந்த ஒரு மணி நேரம் யாருடைய தூக்கத்திலிருந்து போவது, யாருடைய வேலையிலிருந்து போவது என்பதில்தான் சண்டை.

அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவர் எங்கள் தெருக்காரர். தன் அம்மாவின் தையல் கடைக்கு மேல்மாடியில், கீழே மிஷின் ஓடும் சத்தத்தோடு படித்து வளர்ந்தவர். சரக்குக் கப்பலில் செகண்ட் மேட். கப்பலின் வழியும் கடிகாரமும் அந்தப் பதவியின் பொறுப்பு. முன்பெல்லாம் ஒரே ஆளின் காவல் நேரத்தில் ஒரு மணியை வெட்டிவிடுவார்கள். அவருக்கு யோகம், மற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல். இவர் அதை மூன்று காவல்களுக்கும் இருபது இருபது நிமிடமாகப் பிரித்தார். அன்றிலிருந்து கப்பலில் அவர் பெயர் 'இருபது'.

"நான் துணியை வெட்டுறேன், அவ நேரத்தை வெட்டுறா. கூலி மட்டும் அவளுக்குத்தான் ஜாஸ்தி" என்கிறார் அவருடைய அம்மா, வாயில் ஊசியைக் கவ்வியபடியே.

போன வருடப் பயணம் ஒன்றில், நடுக்கடலில் செயற்கைக்கோள் சிக்னல் கெட்டுப்போனது. திரையைப் பார்த்தால் கப்பல் ஏதோ ஒரு நாட்டின் விமான நிலையத்தில் நிற்கிறது.

"வாழ்த்துகள். பத்திரமா தரையிறங்கிட்டோம்" என்றார் கேப்டன்.

சிரிப்பு அதோடு சரி. வேகத்தையும் திசையையும் வைத்துக் குத்துமதிப்பாக இரண்டு நாள் ஓட்டினார்கள். நீரோட்டம் எவ்வளவு தள்ளியது என்பது யாருக்கும் தெரியாது. முன்னால் பவளத் திட்டுகள். நடுவில் ஒரே ஒரு இடைவெளி. சரியான இடத்தில் வடக்கே திரும்பினால் அதில் நுழையலாம். தாமதித்தால் திட்டில் ஏற வேண்டியதுதான்.

"சூரியன் இருக்கே சார்" என்றார் செகண்ட் மேட்.

"இருக்கு. அதை நம்பி நான் கப்பலைத் திருப்பி எத்தனையோ வருஷமாச்சு. நீ கணக்குப் போடு. நம்புற மாதிரி வந்தா திருப்பறேன். இல்லேன்னா சிக்னல் வர்ற வரைக்கும் வெளியவே நிப்போம்."

செகண்ட் மேட் அடுத்த பதவிக்குத் தகுதியானவரா என்று பயணத்தின் முடிவில் சொல்லப் போகிறவரும் இதே கேப்டன்தான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தக் கணக்குக்குச் சூரியனின் உயரம் வேண்டும், ஒரு கடிகாரமும் வேண்டும். கப்பலின் மேல்தளத்தில், மாலுமிகள் வழி பார்க்கும் அறையில், மரப்பெட்டிக்குள் ஒரு கடிகாரம் இருக்கும். உலகம் முழுவதற்கும் பொதுவான நேரத்தைக் காட்டுவது. கப்பல் எந்தக் கரையின் நேரத்துக்கு மாறினாலும் இதை மட்டும் யாரும் தொடக் கூடாது. பெட்டிக்குள் மணி என்ன, இங்கே சூரியன் எங்கே என்ற வித்தியாசத்தில்தான் கப்பல் இருக்கும் இடம் ஒளிந்திருக்கிறது.

செகண்ட் மேட் காலையில் ஒரு முறை, உச்சி வேளையில் ஒரு முறை சூரியனை அளந்தார். கணக்கு முடிந்தது. கப்பல் மூன்று நாளைக்கு முன்பு கடந்த இடத்தில் நிற்பதாக விடை வந்தது.

"அப்போ மூணு நாள் சம்பளத்தைத் திருப்பிக் குடுக்கணுமா, இருபது?" என்றார் தேர்ட் மேட். எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை.

மறுபடி போட்டார். அதே விடை. மற்றவர்களாக இருந்தால் பென்சிலை எறிந்திருப்பார்கள். இவர் விடையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தவறிய கணக்கு கோணல்மாணலாகத் தவறும். இது அளவெடுத்துத் தவறியிருந்தது: மேற்கே பதினைந்து பாகை, கொஞ்சம் முன்பின். பூமி ஒரு மணி நேரத்தில் சுற்றுவதும் பதினைந்து பாகைதான்.

"இன்னைக்கு இங்க சுத்தம் பண்ணது யாரு?"

மெஸ்ஸில் பரிமாறும் அண்ணன் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், இந்தக் கப்பலுக்குப் புதிது. இந்த அறையைச் சுத்தம் செய்வதும், சாப்பாட்டு அறை, சமையலறை, கூடம் என்று எல்லாக் கடிகாரங்களையும் மொத்தமாக ஒரு மணி தள்ளி வைப்பதும் அவர் வேலை.

"பெட்டிக்குள்ள இருக்கிறதையும் மாத்துனீங்களாண்ணே?"

"ஒரு மணி தள்ளச் சொன்னாங்க, தள்ளினேம்மா. அது ஏற்கெனவே கன்னாபின்னான்னு தப்பா ஓடிட்டிருந்துச்சு. அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

செகண்ட் மேட் ரேடியோவின் இரைச்சலுக்குள் காதைத் தீட்டி நேர அறிவிப்பைப் பிடித்தார். பெட்டிக் கடிகாரம் முழுசாக ஒரு மணி நேரம் முன்னால் இருந்தது, ஒரு விநாடி பிசகாமல். அண்ணனைக் கேப்டன் முறைத்தார்.

"பெட்டியைப் பூட்டாம வச்சது நான் சார். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் செகண்ட் மேட்.

அந்த ஒரு மணியைக் கழித்ததும் கப்பல் தன் இடத்துக்கு வந்தது. அது குத்துமதிப்புக் கணக்கை விட இருபது மைல் முன்னால் இருந்தது. நீரோட்டம் தள்ளியிருக்கிறது.

"இப்பவே திரும்பணும் சார்."

"எவ்வளவு தப்பலாம்?"

"நாலஞ்சு மைல் தப்பலாம். அதுக்கு மேல தப்பாது."

கேப்டன் கடல் வரைபடத்தில் அந்த நாலஞ்சு மைலை அளந்தார். "துளி கூட தப்பாதுன்னு சொல்லியிருந்தா இங்கயே நின்னிருப்பேன். திருப்பு. உத்தரவை நீயே குடு."

அவர் கொடுத்தார். குரல் நடுங்கியதா என்று கேட்டேன். "சுக்கானைப் பிடிச்சவர் ஒரே தடவையில புரிஞ்சுக்கிட்டார். அது போதாதா?" என்றார்.

மாலை வெயில் இருக்கும்போதே ரேடார் திட்டுகளைக் காட்டியது. இடைவெளி மூன்று மைல் வலப்பக்கம். சற்றே ஒதுக்கிக் கப்பலை உள்ளே விட்டார்கள். இரண்டு பக்கமும் நுரை வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு பின்னால் போனது. அதன் பிறகுதான் இரண்டு நாளாகக் கண் மூடாத கேப்டன் நாற்காலியிலிருந்து எழுந்து, செகண்ட் மேட் பக்கம் திரும்பினார்.

"நான் படுக்கப் போறேன், சீஃப். கப்பலைப் பாத்துக்கோ."

சீஃப் மேட் என்பது அடுத்த பதவி. அந்தப் பதவியில் இருந்தவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். "அப்போ நான் யாரு சார்?" என்றார்.

"நீ சாட்சி" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் படியிறங்கிப் போனார்.