அப்பத்துக்கு முன்

எங்கள் அண்ணிக்குத் தையல் தொழில். வாயும் கத்தரிக்கோல்தான். நாலு மொழிக்காரர்கள் கூடும் எங்கள் சபையில், பேக்கரிக்காரர் ஒருவர் பேசும் மொழி தெரிந்த ஒரே தமிழ் ஆள் அவள். பன்னிரண்டு வருடமாக மைக் பிடித்து மொழிபெயர்க்கிறாள். ஒரு வார்த்தை கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள்.

அப்பம் பிட்டுப் பகிரும் திருவிருந்துக்கு முன்பு, மனக்கசப்பு இருப்பவர்கள் எழுந்து சொல்லிவிட வேண்டும். அது தீராமல் போதகர் அப்பத்தைத் தொடமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரர் எழுந்தார். அவர் பேசப் பேச அண்ணியின் முகம் வெளுத்தது.

"என்னம்மா சொல்றார்?" என்றார் போதகர்.

அண்ணி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "போன வாரம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டப்போ, என் மனைவி சமைச்சுக் கொண்டுவந்ததை யாரோ அப்படியே குப்பைத்தொட்டியில கொட்டியிருக்காங்க. அவ இன்னும் அழுதுட்டே இருக்கா. யாருன்னு எனக்குத் தெரியணும்."

"வாடை தாங்கலை" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டியவள் அண்ணி. பக்கத்தில் நின்று சிரித்தவள் நான். அவள் வேறு எதையாவது மாற்றிச் சொல்லியிருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பைத்தியக்காரி, ஒரு வார்த்தை விடவில்லை!

"யார் கொட்டினது?" போதகர் சபையைச் சுற்றிப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றாள் அண்ணி, மைக்கிலேயே.

பேக்கரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கம்போல், அண்ணி அதையும் அவருடைய மொழியில் சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்.