அனுப்பியதும் விற்றதும்

திருச்சி பஸ் நிலையத்தில் புத்தகக் கட்டோடு ஏறும் கலீம் பாயைத் தெரியாத கண்டக்டர் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே பதிப்பகத்துக்கு விற்பனைப் பிரதிநிதி. மணப்பாறை, மண்ணச்சநல்லூர் என்று கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் எடுப்பார். தங்கமான மனுஷர்தான், ஆனால் நல்ல சேதி கிடைத்துவிட்டால் வாய் நிற்காது. அந்த வாய்தான் வம்பை இழுத்துவிட்டது.

திருவெறும்பூரில் செல்வமேரி என்று ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஆயிரம் பிரதி அச்சடித்தார்கள். இரண்டே மாதத்தில் குடோன் காலி. கலீம் பாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே போனைப் போட்டு, "சிஸ்டர், ஆயிரமும் வித்துப்போச்சுங்க, அடுத்த பதிப்பு வருது" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் தெருவுக்கே கேக் கொடுத்தார்.

கடைக்கு அனுப்பியது வேறு, வாசகர் வாங்கியது வேறு. விற்காததைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த இதை இந்த அனுபவஸ்தர் மறந்தார் என்றால் என்னத்தைச் சொல்ல! ஐந்தாம் மாதம் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ரஞ்சனி ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டுச் சரிபார்த்தாள். அனுப்பியது ஆயிரம், ரிட்டர்ன் எழுநூற்று எண்பத்தெட்டு, விற்றது இருநூற்றுப் பன்னிரண்டு. அடுத்த பதிப்பை முதலாளி நிறுத்திவிட்டார்.

"சிஸ்டருக்கு நான் போன்ல சொல்லிடவா பாய்?" என்றாள் ரஞ்சனி.

"வேணாம்மா. தப்பா சொன்னது நான். நானே நேர்ல போறேன்."

திருவெறும்பூருக்குப் பஸ் ஏறினார். செல்வமேரி கொடுத்த காபியைத் தொடாமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "மன்னிச்சுக்குங்க சிஸ்டர். நாலு பேர் முன்னாடி உங்களத் தலகுனிய வச்சுட்டேன்."

செல்வமேரி காபியை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, "இந்த இருநூத்திப் பன்னெண்டு நெஜமா? ஜனங்க காசு குடுத்து வாங்குனதா?" என்றார்.

"சத்தியமாங்க. அதுல நாப்பது ஸ்ரீரங்கத்துல ஒரே மருந்துக்கடையில போயிருக்கு."

செல்வமேரிக்குக் கண் கலங்கியது. "என் வார்டுல முப்பது கட்டில்தான் பாய். சர்வீஸ் பூரா அதுக்கு மேல ஒரே நேரத்துல பாத்ததில்ல. இப்ப இருநூத்திப் பன்னெண்டு வீட்டுல, முதுகு புண்ணாகாம யாரையோ புரட்டிப் படுக்க வைக்கிறாங்க. புத்தகத்தத் தூக்கிட்டு அலைஞ்சது நீங்கதான? உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?"

திட்டு வாங்க வந்த மனுஷர் அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொன்னார். இப்படி ஒருவரின் புத்தகத்தைச் சுமக்கக் கொடுத்துவைத்ததே என்று நெஞ்சு நிறைந்து, ஆறிப்போன காபியை ஒரே மடக்காகக் குடித்தார்.

தெருவில் இறங்கியதும் ரஞ்சனிக்குப் போன் போட்டார். "ரிட்டர்ன் வந்த கட்டை யாரும் தொட வேணாம்மா. நாளைலேருந்து மருந்துக்கடையா ஏறப்போறேன்."

"எத்தன போகும் பாய்?"

"அத ஜனங்க வாங்கினப்புறம் சொல்றேன்."