மட்டாஞ்சேரியில் சுமோ பார்க்கிறவன்

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மனிதர்கள் பார்க்கக் கூடாத ஒன்றை நான் மட்டாஞ்சேரியில் ஒரு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன். கோவணம் மட்டும் கட்டிய இரண்டு மலைகள் ஒன்றையொன்று அறைந்து தள்ளுகின்றன. டைல்ஸ் ஒட்டும் வேலைக்காக ராஜபாளையத்திலிருந்து இங்கே வந்து ஆறு வருடமாகிறது. ஜல்லிக்கட்டு வீடியோவைத் தேடிய ஒருநாள் கைப்பேசியில் தானாக வந்து விழுந்தது இந்த ஜப்பான் மல்யுத்தம். ஈரச் சதையில் ஈரச் சதை மோதும் சத்தத்தில், தின்ற மத்திக்குழம்பு தொண்டைவரை ஏறியது.

கடைக்கார ஜோஸேட்டன் எட்டிப் பார்த்து, "எந்தா இது, விருத்திகேடு?" என்றார். விருத்தி என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, உடம்பு வளர்ந்திருப்பதைச் சொல்கிறார் என நினைத்து, "ஆமா சேட்டா, நல்ல விருத்தி" என்றேன். கடையே சிரித்தது. இவர்கள் பேச்சில் விருத்தி என்றால் சுத்தமாம். அவர் கேட்டது, என்ன இந்த அசிங்கம் என்று.

அசிங்கம்தான். ஆனாலும் விட முடியவில்லை. அங்கே யாரும் பேசுவதில்லை. ஜெயித்தவர் துள்ளுவதில்லை, தோற்றவர் வணங்கிவிட்டு நடக்கிறார். பாஷை தெரியாததால் தினமும் தோற்கிற எனக்கு அது போதுமாக இருந்தது. ஜப்பானிலேயே பிறந்த குள்ளமான வீரர் ஒருவர் மேல் பைத்தியமானேன். போகப்போக ஜோஸேட்டனும் ஒட்டிக்கொண்டார். கடை டிவியிலேயே போடத் தொடங்கினார்.

போன மாதம் என் வீரருக்கு எதிரே மங்கோலியாவிலிருந்து வந்த ஒருவர் நின்றார். இவர் பாய்ந்தபோது அவர் மோதாமல் சட்டென்று விலகிக்கொண்டார். இவர் வெறுங்காற்றில் பாய்ந்து மண்ணில் கையூன்றி விழுந்தார். விதிப்படி குற்றமில்லை, ஆனால் சுமோவில் அது மரியாதைக்குறைவு. அரங்கில் ஒருவரும் கைதட்டவில்லை. நான் பெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். அச்சு அசல் மலையாளத்தில் வந்தது: "வரத்தன் எப்போழும் வரத்தன் தன்னெ."

வந்தேறி எப்போதும் வந்தேறிதான். இந்த ஊரில் முதல் வாரம், மனைவி செல்வி அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நின்றபோது, வரத்தன்மாருக்கு வாடகைக்குக் கொடுப்பதில்லை என்று கதவைச் சாத்தினார்கள். அர்த்தம் தெரியாமல் செல்வி அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். அதே வார்த்தை இப்போது என் வாயிலிருந்து, ஒரு உச்சரிப்புப் பிழைகூட இல்லாமல்.

ஜோஸேட்டன் என் தோளில் கைபோட்டார். "இப்போ நீ நம்முடெ ஆளாயி," என்றார். நீ எங்கள் ஆளாகிவிட்டாய். ஆறு வருடம் நான் ஏங்கிய வாக்கியம். சாயாவை அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மறுநாளும் கடைக்குப் போனேன், வேறு எங்கே போவது? அன்று மங்கோலியாக்காரர் தோற்றார். கடை முழுக்கக் கைதட்டியது. ஜோஸேட்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிமெண்ட் காய்ந்த இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்தேன்.